சின்னக் குழாயும் நாகலூர்க் கொடியும்

சேலம் பஸ் ஏற்காட்டில் வந்து நின்றதும் முதலில் இறங்கியவர் பிரபு. இறங்கினார் என்பதைவிட இறக்கப்பட்டார் என்பதே சரி. கண்டக்டர் ஒரு தோளையும், பின்னால் வந்த அம்மா ஒருவர் மறு தோளையும் பிடித்திருந்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நிலையிலும் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், எலுமிச்சம்பழம் கிடைக்குங்களா?"

கோயம்புத்தூரிலிருந்து முதல்முறையாக எங்கள் மலைக்கு வந்த அந்த விற்பனைப் பிரதிநிதி, அவரை அழைத்துப்போக நின்றிருந்த என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. கொண்டை ஊசி வளைவுகள் பலரையும் இப்படித்தான் வரவேற்கும். பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு பழம் வாங்கிக் கொடுத்தேன். மோந்துகொண்டே நான் வேலை பார்க்கும் ஆய்வகம் வரை நடந்து வந்தார்.

வாசலில் நின்றிருந்த அருள்தாஸ் சார் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க வாந்தி எடுத்தது போகட்டும். உள்ள இருக்கறது எடுத்துச்சா?"

பிரபு அரண்டுபோனார். "இல்லைங்க சார், நல்லா பேக் பண்ணியிருக்குங்க" என்றார். சார் சிரிக்கவில்லை. சிரிக்காமல் கேலி பேசுவது அவருக்குக் கைவந்த கலை. பெட்டிக்குள் இருந்தது ஒரு எஃகுக் குழாய். அதை வாங்குவதா வேண்டாமா என்பதில் எனக்கும் அவருக்கும் அப்போது பெரிய பனிப்போர் நடந்துகொண்டிருந்தது.

மூன்று அறை, ஒரு இயந்திரம்

அப்பாவின் கம்பளிக் கடையைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது, "ஏற்காட்டுக் கடைக்காரர் மகள் எப்படி கெமிஸ்ட் ஆனீர்கள்?" என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பதிலில் சுவாரஸ்யம் ஒன்றும் இல்லை. படித்தேன், வேலை தேடினேன், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வேலை இருந்தது. அப்பாவுக்கு அந்தக் கடைசிக் காரணமே போதுமானதாக இருந்தது.

ஆய்வகம் சின்னது. மூன்று அறை, ஒரு ஹெச்பிஎல்சி இயந்திரம், ஒரு மேலாளர், நான். மலையில் விளையும் காபி, மிளகு, தேன் இவற்றைச் சோதித்துச் சான்று கொடுப்பது வேலை. மேலாளர்தான் அருள்தாஸ் சார். மிஷன் பள்ளியில் படித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்று எல்லாரோடும் சேர்ந்து பாடுவார். மற்ற நாட்களில் யாரோடும் சேர்ந்து பாடியதாக எனக்கு நினைவில்லை.

அந்த இயந்திரத்தின் உயிர், அதில் மாட்டும் குழாயில் இருக்கிறது. ஆங்கிலத்தில் column; ஆய்வகத்தில் அதைக் 'காலம்' என்போம். எழுத்தில் அது வேறு காலமாகத் தெரியும் என்பதால் இங்கே குழாய் என்றே எழுதுகிறேன்.

மிளகின் சாற்றை அந்தக் குழாய்க்குள் பம்பு தள்ளும். குழாய் முழுக்க மாவைவிட நைசான வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். சாற்றில் கலந்திருக்கும் பொருள்களில் சில அந்தத் தூளோடு அதிகம் ஒட்டும், சில அவ்வளவாக ஒட்டாது. சந்தை முடிந்து பக்கத்து ஊர் நாகலூருக்குத் திரும்புகிறவர்களைப் போலத்தான். எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். கடை கடையாக நின்று பேசுகிறவர் கடைசியாக வீடு சேர்வார்.

இப்படி ஒவ்வொரு பொருளும் வெளியே வரும்போது கணினித் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். அந்த மேட்டுக்குப் பெயர் பீக். மேடு எவ்வளவு பெரிதோ, பொருள் அவ்வளவு அதிகம். மிளகில் நாங்கள் தேடுவது பைப்பரின் என்ற பொருளை. மிளகுக்குக் காரம் தருவது அதுதான்.

பெரியவர்

எங்கள் பழைய குழாய்க்கு நான் வைத்த பெயர் பெரியவர். ஒரு சாணுக்கு மேல் நீளம். சார் இங்கே வந்த நாளிலிருந்து அதே கம்பெனி, அதே நீளம்தான். ஒன்று தேய்ந்தால் அச்சில் வார்த்தது போல இன்னொன்று வரும்.

நான் சொல்லும் சமயத்தில் இருந்த பெரியவருக்கு நல்ல வயதாகிவிட்டிருந்தது. கழுவிப் பார்த்தோம். தலைகீழாக மாட்டிக் கழுவிப் பார்த்தோம். பம்பின் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கூராக எழ வேண்டிய பீக்குகள், கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியப்பா மாதிரி இரண்டு பக்கமும் அகன்று கிடந்தன.

"மாத்திரலாங்க சார்" என்றேன்.

"மாத்தறதுன்னா இதே மாதிரி ஒண்ணு வாங்கு."

"சின்னதா வாங்கிப் பாக்கலாங்க சார். உள்ள தூளு இன்னும் நைசா இருக்கும். கொஞ்ச தூரத்துலயே நல்லாப் பிரிச்சுரும்."

"இத்தனூண்டு குழா என்னத்தம்மா பிரிக்கும்? உள்ள போனது திரும்பிப் பாக்கறதுக்குள்ள வெளிய வந்துரும்."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். குழாய் நீளமானால் பொருள்கள் பிரிவதற்கு இடம் கிடைக்கும். ஆனால் தூள் நைசானால் அதே வேலை பாதித் தூரத்தில் நடந்துவிடும். நேரமும் மிச்சம், கரைப்பானும் மிச்சம். என்ன, பம்பு கொஞ்சம் அதிகமாகத் தள்ள வேண்டியிருக்கும். எங்கள் பம்புக்கு அந்தத் தெம்பு இருந்தது. பெரியவரில் ஒரு மிளகு ஓடி முடிவதற்குள் சார் இரண்டு டீ குடிப்பார். சின்னதில் ஒரு டீக்கே நேரம் பற்றாது. அவர் எதிர்ப்புக்கு அதுதான் காரணமோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

குழாய் தேர்ந்தெடுப்பதில் பெரிய தொல்லை கேட்லாக்தான். எந்தக் கம்பெனியுடையதைத் திறந்தாலும் பீக்குகள் கோபுரம் கோபுரமாக நிற்கும். அவர்கள் ஓட்டியிருப்பது சுத்தமான ஏதோ ஒரு மருந்தை. எங்கள் மலை மிளகின் எண்ணெயும் பிசினும் உள்ளே போனால் அந்தக் கோபுரம் நிற்குமா சாயுமா என்று எந்தக் கேட்லாக்கும் சொல்லாது. அதனால் ஒரே வழி, இரண்டையும் மாட்டி, ஒரே மிளகை இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பது.

அதற்காகத்தான் பிரபு எலுமிச்சையும் கையுமாக மலையேறி வந்தார். சின்னக் குழாயை ஒரு வாரத்துக்கு எங்களிடம் விட்டுவிட்டு, மாலை பஸ்ஸில் கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

எதிர்த்துப் பேசாத பிள்ளைகள்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மிளகு வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நாகலூர் பஸ்ஸில் மஞ்சள் பையோடு வந்து இறங்கினார் ரெஜினா அக்கா.

அப்பா கடைக்குப் பல வருட வாடிக்கை. எஸ்டேட்டில் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தன் சின்னத் தோட்டத்தில் காபியும் மிளகும் வைத்தவர். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றிலும் அவர் கையால் நட்ட மிளகுக் கொடி ஏறியிருக்கும். பறிப்பு முடிந்து, காய்ந்த மிளகைத்தான் கொண்டுவந்திருந்தார்.

"கண்ணு, இது எத்தன காரம்னு பாத்து ஒரு காயிதம் குடுக்கோணும்."

"யாருக்குங்க்கா காயிதம்?"

"எம் பையனுக்குத்தான்."

மகன் ஜோசப் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அப்போது லீவில் வந்திருந்தான்.

"இந்தக் கொடியெல்லாம் கெழண்டு போச்சுங்கறான். வெட்டிப்போட்டுட்டு நர்சரிக்காரரு குடுக்கற புது ரகம் வெக்கலாங்கறான். கொச்சி யாவாரி ஒருத்தரு காரத்துக்கு ஒரு அளவு சொல்லியிருக்காராம். நம்ம மொளகு அதத் தாண்டுச்சுன்னா வருசா வருசம் அவரே எடுத்துக்குவாராம். தாண்டிருச்சுன்னா கொடிய உட்டுர்றேங்கறான். தாண்டலீன்னா இந்த லீவுலயே வெட்டிருவானாம்."

"நீங்க என்னங்க்கா சொன்னீங்க?"

"பரிட்ச வெச்சுப் பாருடான்னுட்டேன். பெத்த பிள்ளைக மாதிரின்னெல்லாம் நான் சொல்ல மாட்டங்கண்ணு. பிள்ளைக எதிர்த்துப் பேசும். இதுக பேசாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பையை என்னிடம் கொடுத்தபிறகும் அதன் காதை விட அவர் கைக்கு மனம் வரவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. அந்தக் கொடிகள் தப்ப வேண்டும் என்று அப்போதே என் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கெமிஸ்டுக்கு அது ஆகாது என்று தெரிந்தும்தான்.

எது நிஜம்?

அக்காவை உட்காரவைத்துவிட்டு, மிளகை அரைத்து, ஆல்கஹாலில் கொதிக்கவைத்துச் சாறு இறக்கினோம். அன்று நல்ல வெயில்.

எங்கள் மலையில் வெயிலுக்கு உள்ள மரியாதை கீழே இருப்பவர்களுக்குப் புரியாது. மூடுபனி விலகி அது எட்டிப் பார்த்ததும் கம்பளி வெளியே வரும், காபிக்கொட்டை வெளியே வரும், கடைசியில் மனிதர்களும் வருவார்கள். என் அப்பா, எதிரே வாடிக்கையாளர் தொப்பி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து தெருவில் போய் வெயிலில் நிற்பார். அருள்தாஸ் சார் காலையில் கிழக்கு ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போடுவார், மதியம் மேற்கு ஜன்னலுக்குக் குடிபெயர்வார். சூரியன் எங்கே இருக்கிறது என்று அறிய வானத்தைப் பார்க்கத் தேவையில்லை, சாரைப் பார்த்தால் போதும்.

அவரோடு சாற்றுக் குடுவைகளும் இடம் மாறும். குடுவையைக் குறிவரை நிரப்பும் முன் சாறு அறை வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஏற்காட்டில் அறை வெப்பம் என்பது பல நாட்களில் பேருக்குத்தான். அதனால் கொஞ்ச நேரம் ஜன்னலில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்வோம். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அதுதான் வழக்கம்.

முதலில் பெரியவர். ஒரே ஒரு பீக், குண்டாக, அகலமாக. கணக்குப் போட்டால் கொச்சி வியாபாரி சொன்ன அளவை மயிரிழையில் தாண்டியது. ரெஜினா அக்கா "ஏசுவே" என்று நெஞ்சில் கை வைத்தார்.

அடுத்தது சின்னக் குழாய். உயரமாக ஒரு பீக் எழுந்தது. அதன் பக்கத்திலேயே குட்டி குட்டியாக வேறு சில. உயரமானது மட்டும்தான் பைப்பரின். அதை வைத்துக் கணக்குப் போட்டால் அளவுக்குக் கீழே போய்விட்டது.

ரெஜினா அக்கா இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஒரே மொளகு, ஒரே சாறு. இதுல எது நெசமுங்க?"

"பழசு" என்றார் சார்.

"புதுசு" என்றேன் நான், அதே நொடியில்.

எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. பெரியவரின் தொப்பைக்குள் பைப்பரினோடு வேறு எதுவோ ஒளிந்திருக்கிறது. சின்னது அதைப் பிரித்துக் காட்டிவிட்டது. நல்ல குழாய்க்கு அதுதானே லட்சணம்! மூச்சு விடாமல் ஒரு சொற்பொழிவே நடத்தினேன். எந்தப் பக்கம் என் மனசு சாய்ந்திருந்ததோ, அதற்கு எதிர்ப் பக்கம் நின்று வாதாடுகிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது.

அக்கா கடைசியில் மெதுவாகக் கேட்டார். "அப்ப பழசுலயே போட்டுக் குடுத்துருங்களேன் சாமி. கொஞ்சம் தாண்டுனாலும் தாண்டுனதுதானுங்களே?"

சார் துள்ளிக் குதித்துச் சம்மதிப்பார் என்று எதிர்பார்த்தேன். பெரியவர் ஜெயிக்க இதைவிட நல்ல தருணம் ஏது?

"முடியாதுங்கம்மா" என்றார். "வேணுங்கற நம்பரு எந்தக் குழாய்ல வருதோ அத எடுத்து மாட்டறதுன்னா மிஷின் எதுக்கு? நானே வாயால சொல்லிருவேன். ரெண்டு நம்பரு வந்துருக்குதுன்னா ரெண்டு மேலயும் சந்தேகந்தான். ஒரு வாரம் பொறுங்க. பாத்துச் சொல்றோம்."

அந்த மனிதர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதையை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பார்.

அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"சாரு ஆயிரம் சொல்லட்டும். உனக்கு எது நெசம்னு படுது?"

"புதுசுதானுங்க்கா."

சரி என்று தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

குல்லாவுக்குள் குடுவை

வெள்ளிக்கிழமை மூடுபனி இறங்கிவிட்டது. எதிரே இருக்கும் டீக்கடைகூடத் தெரியவில்லை, டீ வாசனை மட்டும் வந்தது.

அக்காவின் மிளகில் மீதி இருந்ததை அரைத்துப் புதிதாகச் சாறு இறக்கினோம். வெயில் இல்லை. அதனால் குடுவையைச் சாரின் குரங்குக் குல்லாவுக்குள் இறக்கி அலமாரியில் வைத்தோம். வெதுவெதுப்பானதும் சின்னக் குழாயில் ஓட்டினேன்.

ஒரே பீக். பக்கத்தில் குட்டிகளைக் காணோம். கணக்குப் போட்டால் கொச்சிக்காரரின் அளவைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. பெரியவர் காட்டியதைவிடவும் அதிகம்.

சாருக்குக் கொண்டாட்டம். "பாத்தியா? அன்னைக்கு ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சு. டூரிஸ்டு மாதிரி வந்திருக்கு, மலக்காத்து ஒத்துக்கல. திருப்பி அனுப்பிரு."

பிரபுவுக்குப் போன் போட்டேன். "மேடம், குழாய் அப்படி மாறாதுங்க மேடம்" என்று பாவமாகச் சொன்னார். நேரில் வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டேன். "பாக்கறேங்க மேடம்" என்று இழுத்தார். வளைவுகளை எண்ணிப் பார்த்திருப்பார்.

சனிக்கிழமை காலை ஆய்வகத்துக்குள் நுழையும்போதே போன். ரெஜினா அக்கா.

"பையனுக்கு நாளைக்கு ஓசூரு போவோணுமாம். இன்னைக்கே அருவாள எடுத்துட்டான் கண்ணு. நீ சொன்னதச் சொல்லிட்டேன். நெசம் எதுவோ அதத்தான சொல்லோணும்?"

"சார் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னாருங்களே அக்கா!"

"லீவு பொறுக்காதே சாமி. நான் கடைகிட்ட ஏறி வந்து பேசறேன். கீழ தோட்டத்துக்குப் போயிட்டா டவர் கெடைக்காது. வெச்சர்றேன்."

நேற்று வந்த எண்ணை நான் சொல்வதற்குள் வைத்துவிட்டார். குல்லாவிலிருந்து நேற்றைய குடுவையை எடுத்து அதே சாற்றை மறுபடி ஓட்டினேன். நேற்று வந்த அதே ஒற்றை பீக், அதே எண். குழாய் நிதானமாகத்தான் இருக்கிறது. பிறகு முதல் நாள் மட்டும் என்ன ஆயிற்று?

அப்போது மூடுபனி விலகி வெயில் வந்தது. சார் கிழக்கு ஜன்னலுக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். போகிற போக்கில், பழக்க தோஷம், மேசையில் இருந்த குடுவையையும் எடுத்து ஜன்னலில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு டீ குடித்தார். அதை முடித்துவிட்டு இன்னொன்றும் குடித்தார்.

நான் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இளமஞ்சள் சாற்றின் வழியே வெயில் விழுந்து மேசையில் ஒரு பொன்நிற வட்டம் போட்டிருந்தது. எழுந்து போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஓட்டினேன்.

குட்டிகள் திரும்பி வந்திருந்தன. உயரமான பீக் குட்டையாகியிருந்தது.

"சார், இங்க வாங்க."

வந்தார். பார்த்தார். "அதே குடுவையா?"

"அதே குடுவ. அதே குழா. நடுவுல உங்க பக்கத்துல உக்காந்து வெயில் காஞ்சுது, அவ்வளவுதான்."

சார் மெல்லச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒட்டியிருந்த செய்முறை அட்டையில் 'சாற்றின்மேல் வெளிச்சம் படக் கூடாது' என்று ஒரு வரி உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தது அடைமழைக் காலம். அப்போது அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டிய சார், ஜன்னலுக்கு வெளியே பால் மாதிரி நின்ற பனியைக் கை காட்டி, "இத நாம செய்ய வேண்டியதில்ல கண்ணு, ஏற்காட்ல அது பாத்துக்கும்" என்று சொல்லியிருந்தார். ரொம்ப நல்ல ஜோக் என்று நானும் சிரித்துவைத்தேன். மூடுபனி மாதங்களில் அது உண்மையும்கூட. ஆனால் மிளகு பறிப்பு முடிவது வெயில் மாதத்தில்.

சாறாக இருக்கும் பைப்பரின்மேல் வெயில் பட்டால் அது வேறு உருவம் எடுத்துக்கொள்ளும்; இயந்திரத்தின் கண்ணுக்கு அந்த உருவம் மங்கலாகத்தான் தெரியும், எண்ணும் குறையும். பெரியவர் அந்த உருமாறியதையும் சேர்த்து ஒரே போர்வையைப் போர்த்தி ஒற்றை பீக்காகக் காட்டினார். அதனால் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. சின்னது பிரித்துக் காட்டியது. நாங்கள் அதைப் பார்த்து மிளகைக் குறை சொன்னோம், அடுத்தாற்போல் குழாயைக் குறை சொன்னோம். ஜன்னலை யாருக்கும் நினைவில்லை.

"அப்ப அந்தம்மா மொளகு?" என்றார் சார்.

"நேத்து வந்ததுதான் சரியான நம்பருங்க சார். நல்லாத் தாண்டிருச்சு."

அக்காவுக்குப் போன் போட்டேன். போகவில்லை. ஜோசப்பின் எண் எங்களிடம் இல்லை.

ஆள் சேர்ந்தால்தான் ஜீப்

அடுத்த நாகலூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஸ்டாண்டில் ஒரு ஷேர் ஜீப் நின்றது. டிரைவர் பானெட்டின்மேல் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஆளு சேரட்டுங்க சார்."

வாழ்நாளில் யாருக்கும் 'வாங்க' என்றுகூட வாய் நிறையச் சொல்லாத அருள்தாஸ் சார் அன்று ரோட்டில் நின்று ஆள் பிடித்தார். "நாகலூரு நாகலூரு" என்று அவர் பாட்டுக்குழுக் குரலில் கூவியது ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். காய்கறிக் கூடையோடு நின்ற இரண்டு பேரை ஏற்றினார். சர்ச்சில் அவருக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தையே ஏற்றினார். வேறு பக்கம் இருக்கும் மஞ்சக்குட்டைக்குப் போக நின்றிருந்த ஒரு தாத்தாவை, "நாகலூர் போயிட்டும் போலாங்க" என்று சொல்லி ஏற்றிவிட்டார். அது எந்தக் கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தத் தாத்தாவுக்கும் விளங்கியிருக்காது.

வழியெல்லாம் சார் வெள்ளிக்கிழமைத் தாளைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். சாய்ந்து கிடக்கும் கொடிகளை மனக்கண்ணில் பார்த்தபடியே நானும் வந்தேன்.

சரிவில்

நாகலூரில் இறங்கி, காபிச் செடிகளுக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் சார் ஓடினார். அந்த வயதில் அந்தச் சரிவில் ஓடக் கூடாது என்று கத்திக்கொண்டே நானும் ஓடினேன்.

ஜோசப் மேல் வரிசையை முடித்திருந்தான். ஒவ்வொரு மரத்தடியிலும் கொடியின் அடித்தண்டு வெட்டப்பட்டு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அடுத்த வரிசையில் முதல் மரத்தருகே அரிவாளோடு குனிந்திருந்தான். ரெஜினா அக்கா கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு காபிச் செடியில் எதையோ கிள்ளிக்கொண்டிருந்தார். கிள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"தம்பி, நிறுத்து" என்றார் சார். மூச்சு வாங்கியது. தாளை விரித்து நீட்டினார். "கொடி மேல ஒரு தப்பும் இல்ல. மொளகுச் சாத்த வெயில்ல வெச்சது நாங்க. அதுல கொறஞ்சு போச்சு. வெயில் படாமப் பாத்தா இதான் நம்பரு. கொச்சிக்காரரு சொன்னதுக்கு மேலயே நிக்குது."

ஜோசப் தாளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை.

"இது எந்தக் குழாய்லங்க சார் பாத்தது? அந்தப் புதுசுலயா?"

"ஆமா தம்பி."

"அத நம்பித்தானுங்க சார் வெட்டுனேன்."

"அத நம்பித்தான் தம்பி நிறுத்தச் சொல்லவும் ஓடியாந்திருக்கேன்" என்றார் சார்.

பிரபுவின் குழாய் விலைபோனது அந்த இடத்தில்தான். ஆர்டர் தாள் திங்கட்கிழமை டைப் ஆனது. ஆனால் அந்தச் சரிவில், கால் சேற்றில் புதைய நின்றுகொண்டு, சார் தன் பெரியவரைக் கைவிட்டார். கேலி செய்ய அருமையான சந்தர்ப்பம். அதை விட்டுவிட்டேன்.

ஜோசப் அரிவாளை மண்ணில் குத்தி வைத்தான். "அம்மா" என்றான்.

ரெஜினா அக்கா திரும்பி வந்தார். தாளைப் பார்க்கவில்லை. வெட்டிய வரிசைக்குப் போய் ஒரு மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மரத்தை இறுகப் பிடித்தபடி கொடி உச்சி வரைக்கும் ஏறியிருந்தது. ஒரு இலைகூட வாடவில்லை.

"பாருங்க, எத்தன பச்சையா நிக்குது" என்றார். "வேரு போனது அதுக்கு இன்னும் தெரியாதுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். அக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார், மகனிடம் கையை நீட்டி அரிவாளைக் கேட்டு வாங்கினார்.

"ஜோசப்பு, நீ போயித் தண்ணி கொண்டா. சாரு, அந்தக் கொடிய மெதுவா இழுத்து எறக்குங்க. கண்ணு, நீ கணு பாத்து முறி, கணுவுல புது வேரு உடும். அதுக்குத் தெரியறதுக்குள்ள நட்டுருவோம்."